அடி எடுத்துக் கொடுத்தவர்

நாடகத்தில் நான் பபூன். ஊரைச் சிரிக்க வைப்பது என் தொழில். மேடைக்குப் போகுமுன் நடுங்குவது அந்தத் தொழிலுக்கான முன்தயாரிப்பு. திரைக்குப் பின்னால் என் முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று தட்டிக்கொண்ட சத்தத்தைக் கேட்டு, தாளம் தப்புகிறது என்று மிருதங்கக்காரர் ஒருமுறை என்னைக் கோபித்துக்கொண்டார்.

சிலருக்குப் பயம் வயிற்றில் வரும், சிலருக்கு உள்ளங்கையில் வரும். எனக்கு நாக்கில் வரும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் ஆகையால் அந்த அவஸ்தையை எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும்: பாவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் ஓர் இழை பட்டென்று அறும், தறி நிற்கும். அறுந்த முனை எங்கே போயிற்று என்று நான் தேடிக்கொண்டிருப்பேன். ஜனங்கள் என் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும்.

அந்த அறுந்த முனையைக் கண்டுபிடித்து என் கையில் கொடுக்க ஒருவர் இருந்தார். எங்கள் கம்பெனியின் ஆர்மோனியக்காரர். பெட்டிக்கார பாய் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மேடையின் ஓரத்தில் ஜமக்காளம் விரித்து, கறுப்புக் குல்லாயும் மருதாணி போட்ட தாடியுமாக உட்கார்ந்திருப்பார். இடதுகை துருத்தியைப் போட, வலதுகை கட்டைமேல் ஓட, கண் மட்டும் நடிகனின் வாயை விட்டு அகலாது. நான் தடுமாறப் போகிறேன் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். விட்டுப்போன அடியை மெல்லிய குரலில் அவரே எடுத்துவிடுவார். அந்தக் குரல் எனக்குள்ளிருந்து வருகிற மாதிரியே இருக்கும். நான் பின்னாலேயே தொற்றிக்கொண்டு ஓடிவிடுவேன். கைதட்டல் எனக்கு.

எங்கள் நாடகங்களில் ஆர்மோனியக்காரருக்குப் பின்பாட்டுப் பாடும் உரிமை உண்டு. ராஜா ஓர் அடியைப் பாடி மூச்சு வாங்குகிற இடத்தில் பெட்டிக்காரர் அதே அடியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவருவார். கெட்டிக்காரப் பெட்டிக்காரராக இருந்தால் ஜனங்கள் ராஜாவை மறந்துவிட்டு அவரிடம் ஒன்ஸ்மோர் கேட்பார்கள். ராஜா செங்கோலை ஊன்றிக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். எங்கள் பாய்க்கு அந்த ஆசையே கிடையாது. யாராவது திக்கினால் ஒழிய அவர் குரல் வெளியே வராது. தானாக ஒரு பாட்டை ஆரம்பித்து அவர் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. பாடச் சொல்லிக் கேட்டாலும், "நான் எதுக்குப்பா? நீ பாடு, நான் இருக்கேன்" என்பார்.

மேடையோடு நின்றிருந்தால் சரி. கடைத்தெருவிலும் அப்படித்தான். யாராவது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டால் பாயால் தாங்கமுடியாது, முடித்துக் கொடுத்துவிடுவார். அவர் எந்த ஊர்க்காரர் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம். "பாய்க்குச் சொந்த ஊரு... " என்று இழுத்துவிட்டு ஒருவர் "பம்பாயா" என்று யோசிக்கும் முகத்தோடு நின்றால், "பம்பாய்தான்" என்று முடித்துவைப்பார். இன்னொருவர் சூரத்தை நினைத்துக்கொண்டு கேட்டால் அவருக்குச் சூரத். நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: வடக்கிலிருந்து ஒரு பார்ஸி நாடகக் கம்பெனியோடு ரயிலேறி வந்தார், அந்தக் கம்பெனி ஆற்காட்டில் நொடித்துப்போய்த் திரைச்சீலையும் கிரீடமும் ஏலத்துக்கு வந்தபோது, பெட்டியை மட்டும் அணைத்துக்கொண்டு காஞ்சிபுரம் வந்து ஒலிமுகமதுபேட்டையில் ஒரு அறை எடுத்துக்கொண்டார்.

வெற்றிலைக்கடைக்காரர் ஒருவருக்குக் கொன்னல். "ஒரு க... க... " என்பதற்குள் பாய் "கவுளி வெத்தலை" என்று முடித்துவிடுவார். "எ... எ... " என்றால் "எவ்வளவு கொழுந்தா இருக்குது பாரு". பல நாள் பொறுத்துப் பார்த்த அந்த மனிதர், ஒருநாள் பாயின் கையைப் பிடித்து நிறுத்தி, என்னைப் பேச விடுங்க என்று சொல்லிமுடித்தார். அதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் பாய் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றார். பிரசவ வலிகூட அப்படி இருக்காது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

என் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம் பேசினபோது இதைவிட மோசம். மாப்பிள்ளையின் தகப்பனார் வாய் திறக்கவே யோசிக்கிற மனுஷர். ஐப்பசியிலேயே முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். அவர் மோட்டுவளையைப் பார்த்தார். கூடம் முழுக்க ஒரே அமைதி. என்னைத் தேடிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றிருந்த பாய்க்கு அது பொறுக்கவில்லை. "சரின்றாருப்பா" என்றார். உடனே உள்ளே பெண்கள் பாக்குத் தட்டைத் தூக்கினார்கள், யாரோ கற்கண்டை நீட்டினார்கள், சம்பந்திகள் கட்டித் தழுவிக்கொண்டாகிவிட்டது. வேண்டாம் என்பதை எப்படிப் பதமாகச் சொல்வது என்றுதான் அந்தப் பெரியவர் மோட்டுவளையைப் பார்த்தாராம். அந்தத் தம்பதி நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெரியவர் கடைசிவரை, என் பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணிவைத்தது ஒரு பெட்டிக்காரன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மெட்டு விஷயத்திலும் இதே கதை. வடக்கத்தி நாடகங்களில் இருந்து அவர் மூட்டை மூட்டையாக மெட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். அவர் தானனா என்று வாசித்துக் காட்டுவார். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து நாமம் போட்ட எங்கள் பாட்டு வாத்தியார் ஒருவர் வருவார். அவர் அந்தத் தானனாவுக்குள் தமிழைப் பிடித்து உட்காரவைப்பார். பம்பாயில் எவளோ ஒருத்தி மழையில் நனைந்துகொண்டு காதலனைக் கூப்பிட்ட மெட்டு, எங்கள் நாடகத்தில் பக்திப் பாட்டாகி, அங்கிருந்து நழுவிப் புரட்டாசி சனிக்கிழமை பஜனைக்குள் போய்விட்டது. ஒருநாள் சந்நிதித் தெருவில் பஜனை வருகிறது. முன்னால் பாடியவர் சரணத்தில் திரும்பவேண்டிய இடத்தை விட்டுவிட்டார். தெருவோரம் ஒதுங்கி நின்ற பாய் அந்த இடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். பஜனைக்காரர் திகைத்து, எங்க பாட்டு உமக்கு எப்படி ஐயா தெரியும் என்று கேட்டார். "உங்க பாட்டுதானே சாமி. கேட்டுக் கேட்டு ஒட்டிக்கினுது" என்றார் பாய். மழையில் நனைந்தவளைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் மேல்துண்டைக் கடித்துக்கொண்டேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பேசும்படம் வந்தது.

அதற்கு முன் ஊமைப்படக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி வாசிப்பதும் பாயின் பிழைப்புதான். படம் பேச ஆரம்பித்ததும் அந்த இடம் போயிற்று. நாடகத்துக்கும் கூட்டம் குறைந்தது. பாய் ஆற்காட்டுப் பக்கம் போய்விடலாமா என்று யோசிக்கத் தொடங்கியது எனக்குத் தெரியும். அவர் போய்விட்டால் என் நாக்கை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் யோசிக்கத் தொடங்கியது அவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஊரில் பட்டுக்கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கடையில் தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் தெலுங்கு. அவர் பம்பாயிலிருந்து ஒரு பார்ஸிக்கார டைரக்டரை அழைத்துவந்தார். சத்தம் பிடிக்கும் இயந்திரத்தோடு ஒரு வங்காளி வந்தார். இரண்டு பேருக்கும் தமிழ் என்றால் ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம். எங்களுக்கு அவர்கள் பேச்சும் அப்படியே. எடுக்கப்போவது தமிழ்ப் புராணப்படம். நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பேச வைக்க ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. பாயைக் கூப்பிட்டார்கள். மெட்டும் அவருடையதே. வாத்தியார் சொற்களை உட்காரவைத்தார்.

டைரக்டர் சொல்வதைப் பாய் தமிழாக்கும் அழகு தனி. அந்தப் பார்ஸிக்காரர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து, நரம்பு புடைக்க நெடுநேரம் கத்துவார். பாய் என் பக்கம் திரும்பி, "நல்லா இருக்குதாம்பா. இன்னும் கொஞ்சம் நல்லா செஞ்சா இன்னும் நல்லா இருக்குமாம்" என்பார்.

புராணத்தில் இல்லாத ஒரு வேடன் அந்தப் படத்தில் வந்து ஒரு சிரிப்புப் பாட்டுப் பாடிவிட்டுப் போகவேண்டும். அந்த வேடன் நான். ஊருக்குள் எடுத்தால் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம் உள்ளே விழும் என்று வங்காளி கையை விரித்துவிட்டார். ஆகவே வாலாஜாபாத் போகும் வழியில், பாலாற்றங்கரை மாந்தோப்பு ஒன்றைப் பிடித்தார்கள். மைக்கை ஒரு கிளையில் தொங்கவிட்டு இலையால் மறைத்தார்கள். காக்கை விரட்ட ஆட்களை ஏவினார்கள். அப்போதெல்லாம் நடிக்கிறபோதே பாட வேண்டும், வாத்தியமும் அப்போதே ஒலிக்க வேண்டும். ஆனால் வாத்தியக்காரர் படத்தில் தெரியக்கூடாது. மிருதங்கத்தை ஒரு மரத்துக்குப் பின்னால் போட்டார்கள். பாயையும் பெட்டியையும் எனக்குப் பின்னால் இருந்த நொச்சிப் புதருக்குள் திணித்தார்கள். குல்லாய் தெரிகிறது என்று டைரக்டர் கத்தினார். "குல்லாய்கூட அழகா இருக்குதாம்" என்று சொல்லிவிட்டு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார் பாய்.

அன்று காலையிலிருந்து ஏதேதோ எடுத்து, என் முறை வரும்போது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. கையிலிருந்த பிலிமில் ஒரு பாட்டுக்குத்தான் மிச்சம் என்றார்கள். தப்பினால் வந்தவர்கள் எல்லோரும் மறுபடியும் பம்பாயிலிருந்து வரவேண்டும் என்று முதலாளி என் காதருகே வந்து சொன்னார். தைரியம் கொடுக்கிறாராம்.

எனக்கு வேடன் வேஷம். கையில் வில், தலையில் மயிலிறகு. மயிலிறகு நடுங்குவதை என் நிழலில் பார்த்தேன். பலகை தட்டினார்கள். மிருதங்கம் புறப்பட்டது. பெட்டி முன்னிசையை வாசித்துக்கொண்டு நான் நுழைய வேண்டிய வாசலுக்கு வந்து நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

இழை அறுந்துபோயிற்று.

மேடையென்றால் பாயின் முகம் கண்ணுக்குத் தெரியும். இங்கே எதிரே இருந்தது பெரிய பெட்டி ஒன்று, அதன் நடுவில் ஒற்றைக் கண்ணாடிக் கண். அதற்குக் கருணையே கிடையாது. வாயை மூடவும் தோன்றவில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து முதல் அடி எழுந்தது. தொற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், நாக்கு அசையவில்லை. பாய் ஒரு கணம் பொறுத்தார். அப்புறம் இரண்டாம் அடியையும் அவரே எடுத்தார். நான் மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடினேன். பயத்தில் கண் உருண்டது, வில் கையிலிருந்து நழுவியது, அதைப் பிடிக்கப் போய் மயிலிறகு மூக்கில் குத்தியது. பின்னால் அந்தக் குரல் குழைந்தும் சிரித்தும் மேலே ஏறியும் சரணத்தைச் சுற்றிவந்து பல்லவியில் கொண்டுபோய் இறக்கியது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும், அந்தக் குரல் ஒரு பாட்டை முழுசாகப் பாடி அன்றைக்குத்தான் கேட்டேன். கேட்டுக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்ய?

வங்காளி சத்தம் பிடிக்கும் வண்டிக்குள்ளிருந்து வெளியே குதித்து, நன்றாக விழுந்திருக்கிறது என்று கையை ஆட்டினார். டைரக்டர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாய் அசைந்தது, பாட்டு கேட்டது என்பதுதான். இந்த ஆளின் முகத்தில் என்ன பாவம் என்று மெய்மறந்திருக்கிறார். அது பாவமில்லை, பீதி என்று அவருக்கு யார் சொல்வது?

நானே சொல்லப் பார்த்தேன். பாய் புதரிலிருந்து இலையும் சருகுமாக எழுந்து வந்தார். "பாய், நான் பாடலேன்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றேன். பாய் அவரிடம் ஏதோ சொன்னார். டைரக்டர் என் தோளைத் தட்டினார். "சொன்னீங்களா?" என்றேன். "சொன்னேன்பா. உனுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன்."

எனக்கும் அந்த டைரக்டருக்கும் நடுவில் உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வாய். அது பாயுடையது. நான் என்ன கத்தினாலும் அந்த வாய் வழியாக நன்றிதான் வெளியே வந்துகொண்டிருந்தது. கும்பிட்டேன். அதையும் நன்றி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. வேடன் வந்ததும் விசில் பறந்தது. எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே என்று ஊரே வருத்தப்பட்டது. அந்த மெட்டு எங்கள் பஜனையில் இருந்து எடுத்தது என்றார்கள் சின்னக் காஞ்சிபுரத்தார். ஒலிமுகமதுபேட்டையில் அது எங்கள் தர்கா உரூஸ் பாட்டு என்றார்கள். என் தெருவில் பாவு ஓட்டுகிறவர்கள், இது நம் தறிப்பாட்டாச்சே என்றார்கள். பாயிடம் யார் போய்க் கேட்டாலும் ஆமா, உங்க பாட்டுதான் என்று முடித்துக் கொடுத்தார். திரையில் விழுந்த பெயர்களில் சங்கீதம் என்ற இடத்தில் வாத்தியார் பெயர் இருந்தது. புதருக்குள் இருந்தவர் பெயர் எங்கும் இல்லை.

நான் எல்லோரிடமும் சொன்னேன். பாடினது நான் இல்லை, பாய் என்று தெருத்தெருவாகச் சொன்னேன். சொன்னவுடன் சிரித்தார்கள். பபூன் சொன்னால் சிரிப்பதுதானே மரியாதை. கோபமாகச் சொன்னேன், இன்னும் சிரித்தார்கள். அழாத குறையாகச் சொன்னபோது ஒருவர் ஒன்ஸ்மோர் கேட்டார். என்னை நம்பிய ஒரே ஜீவன் என் பெண்சாதி. "உனுக்கு அவ்ளோ நல்ல குரலு இருந்தா வூட்ல ஒருநாளாவது கேட்டிருக்க மாட்டேன்? பாயோட குரலுதான்யா அது" என்றாள். விவாகமான நாளிலிருந்து அவள் என்னை அவ்வளவு கௌரவமாக நம்பியது அதுவே முதல்தடவை.

முதலாளி அடுத்த படத்தைச் சென்னையில் புதிதாகக் கட்டியிருந்த ஸ்டூடியோவில் எடுக்க ஏற்பாடு செய்தார். அதில் நான் படம் முழுக்கப் பாடவேண்டும் என்று ஆள் அனுப்பினார். என் நாக்கு அப்போதே உள்ளே சுருண்டுகொண்டது. நான் போய்ச் சொல்வேன் என்று நம்பாமல் என் பெண்சாதி தானே முதலாளி வீட்டுக்குப் போய், அவர் சம்சாரத்திடம் உள்ளதைச் சொன்னாள். அதன்பிறகுதான் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு தடவை சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். பாயைக் கடைக்கு அழைத்துவா, என் எதிரே தனியாக ஒரு பாட்டுப் பாடட்டும், அவர்தான் என்றால் ஸ்டூடியோவில் மெட்டுப் போடுகிற வேலை, பாடுகிற வேலை இரண்டும் அவருக்கே, திரையில் பெயரும் போடுகிறேன் என்றார்.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் நான் பயப்படவே மறந்துபோனேன். பின்னால் நடந்த விபரீதத்துக்கு அதுதான் வித்து.

மறுநாள் மத்தியானம் பட்டுக்கடையில் வெள்ளை விரித்த மெத்தைமேல் முதலாளி சாய்ந்திருந்தார். புடவை மடிக்கிற ஆட்கள் கையை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். பாய் தாடிக்குப் புதிதாக மருதாணி போட்டு, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார். பெட்டியைத் திறந்தார். துருத்தி மூச்சு வாங்கியது. முன்னிசையை வாசித்தார். நுழைய வேண்டிய வாசல் வந்தது. நுழையவில்லை. மறுபடி ஒரு சுற்று. மறுபடி அதே வாசல். கண்ணைத் தூக்கி அங்கிருந்த முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவர் வாயும் திறந்திருக்கவில்லை. ஒருவரும் திக்கவில்லை.

"ஏமய்யா, பாடுங்க" என்றார் முதலாளி.

பாய் சிரித்தார். வாசித்தார். நெற்றியில் வேர்வை ஓடியது. எனக்கு விளங்கிப்போயிற்று. கிணற்றில் விழுந்தவனைப் பார்த்தால் குதித்துவிடுவார். சும்மா குதி என்றால் அவருக்கு எப்படி வரும்?

அவ்வளவுதானே, விழுந்துவிட்டால் போயிற்று என்று எழுந்து அவர் எதிரே போய் நின்றேன். வாயைத் திறந்தேன். பயத்தைக் கூப்பிட்டேன். பிள்ளையாரப்பா, ஒரே ஒருதடவை என்று வேண்டிக்கொண்டேன். மேடையில், மாந்தோப்பில், வேண்டாத இடமெல்லாம் அழைக்காமலே வந்து நிற்கிற சனியன் அன்றைக்கு வரவில்லை. பாய் என் திறந்த வாயைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. முதல் அடியை மெல்ல எடுத்துக் கொடுத்தார். வாயைத் திறந்தபடியே நிற்கவேண்டும் என்று நான் பல்லைக் கடிக்காத குறையாக முயன்றேன். இத்தனை வருஷப் பழக்கம் கேட்குமா? அவர் அடி எடுத்துக் கொடுத்தால் தாவிப் பிடித்துக்கொள்ள என் நாக்கைப் பழக்கிவைத்திருந்தவரே அவர்தான். நாக்கு பிடித்துக்கொண்டது. பாடினேன். ஓர் அடிகூடத் தடுமாறவில்லை. எண்ணெய் காணாத ராட்டினம் போன்ற என் சொந்தக் குரலில் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் நிறுத்தத் தெரியாமல் பாடி முடித்தேன். பாய் நிம்மதியாகப் பின்னால் வாசித்துக்கொண்டு வந்தார். அவர் குரலுக்கு அங்கே வேலையே இல்லாமல் செய்துவிட்டேன்.

முதலாளி காதைக் குடைந்துகொண்டார். "இதா உன் குரலு? அப்ப படத்துல வந்தது யாருது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பாயுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது வந்தது அந்தச் சனியன். இவ்வளவு நேரம் எங்கேயோ ஊர்சுற்றிவிட்டு வந்து நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "பா... " என்றேன். அதற்குமேல் இல்லை.

பாய் பொறுப்பாரா? "பாடினது இவருதான் முதலாளி" என்று முடித்துக் கொடுத்தார். "மெஷின்ல போனா குரலு கொஞ்சம் மெருகாயிடுது."

நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அது ஆமாம் என்பதுபோல் இருந்திருக்க வேண்டும். முதலாளி ஏதோ தெலுங்கில் சொல்லிக்கொண்டு, சென்னை ஸ்டூடியோவில் மெஷின் இன்னும் ஒசத்தி, சமாளித்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு வேலை கொடுத்தார். பாய்க்கு ஒரு தாம்பூலம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் தெருவிலேயே பிடித்துக்கொண்டேன். ஏன் பாய் இப்படிச் செய்தீர்கள் என்றேன். அவர் என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். "நீ நின்னுட்டியேப்பா" என்றார். அவ்வளவுதான் அவரிடம் இருந்த காரணம். அதற்குமேல் தோண்டினாலும் வேறொன்றும் கிடைத்திருக்காது.

சென்னையில் நான் படம் முழுக்கப் பாடவில்லை. ஒரு பாட்டோடு மெஷினின் ஒசத்தி தெரிந்துபோயிற்று. பேச்சுவேஷம் கொடுத்தார்கள், பிழைத்துக்கிடக்கிறேன். அதற்குள் பாய் புறப்பட்டுவிட்டார். கொழும்புக்குப் போகிற ஒரு நாடகக் கம்பெனியில் பெட்டிக்கு ஆள் வேண்டும் என்றார்களாம். செய்தி கேட்டு ஓடினேன். காஞ்சிபுரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டி. போகாதீர்கள் என்று சொல்ல வந்தேன். முதலாளியிடம் மறுபடியும் பேசுகிறேன், என் பெண்சாதியைக் கூட்டிவந்து பேசவைக்கிறேன், எனக்கென்று வாய்த்த ஒரே குரல் நீங்கள்தான் என்றெல்லாம் வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். ரயில் நகர்ந்தது.

"போய்ட்டு வாங்க பாய், ஒடம்பப் பாத்துக்கங்கன்னு சொல்ல வர்றே" என்றார். "ஆவட்டும்பா. பாத்துக்கறேன்."

நான் சொல்ல வந்தது அது இல்லை. ஆனால் அதைத்தான் நான் சொன்னதாக அவர் கொழும்பில் நினைத்துக்கொண்டிருப்பார். அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்தப் பழைய படத்தை இப்போதும் ஏதாவதொரு டூரிங் கொட்டகையில் போடுகிறார்கள். முசரவாக்கம் மாதிரிக் கிராமத்தில் போட்டாலும் நான் வண்டி கட்டிக்கொண்டு போய்விடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அதோ நீங்க, அதோ நீங்க என்று திரையைக் காட்டுகிறார்கள். நான் இல்லை என்கிறேன். சிரிக்கிறார்கள். வேடன் வாயைத் திறக்கிறான், அந்தக் குரல் வருகிறது. எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நான் வேடனின் முழங்காலுக்குப் பின்னால் பார்க்கிறேன். அன்றைக்குக் காற்றே இல்லை. தோப்பில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நொச்சிப் புதர் மட்டும், துருத்தி போடுகிற கையின் கணக்குக்கு, பாட்டு முடிகிறவரை அசைந்துகொண்டே இருக்கிறது.